காயும் முன்னே: நெல்லைச் சீமையில் நீர்வண்ணம் பழகத் தொடங்குவோருக்கு

நீர்வண்ணம் பழக விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் இன்று காணொளிகளைப் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள். அவற்றில் பல குளிர்நாட்டு அறைகளுக்குள் எடுக்கப்பட்டவை. அங்கே ஓவியர் தாளை நனைத்துவிட்டு, நிதானமாகப் பேசிக்கொண்டே மேகம் போடுவார். தாளும் ஈரமாகவே அவருக்காகக் காத்திருக்கும். அதே பாடத்தைப் பாளையங்கோட்டையில் வைகாசி மாதம் மொட்டை மாடியில் செய்துபாருங்கள். வானத்தின் இடது மூலையிலிருந்து வலது மூலைக்குப் போவதற்குள் இடது மூலை காய்ந்து கோடு விழுந்திருக்கும். தமக்குக் கை வரவில்லை என்று முடிவுகட்டி, அத்தோடு வண்ணப்பெட்டியைப் பரணில் போட்டவர்கள் பலர். உண்மையில் அவர்களுக்குத் தப்பியது ஈரத்தின் கணக்கு மட்டும்தான். அந்தக் கணக்கு ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும்.

நம் பக்கத்தில் அது இரண்டு விதமாக இருக்கிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை பொதிகை மலையில் கொட்டும். ஆனால் மலைக்குக் கிழக்கே கிடக்கும் சமவெளி மழைமறைவில் இருக்கிறது. காற்று தன் ஈரத்தை மலையிலேயே உதிர்த்துவிட்டு, வறண்டு, வேகமாக இறங்குகிறது. பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்றுதான் உங்கள் தாளையும் உலர்த்திவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் எல்லாம் தலைகீழ். காலையில் போட்ட வானம் மத்தியானம்வரை சில்லென்றே இருக்கும். கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த இரண்டையும் சமாளிக்கும் வழிகள்.

எதற்குச் செலவழிப்பது

காசு கொஞ்சமாக இருந்தால் அதைத் தாளுக்குப் போடுங்கள். வண்ணம் மாணவர் தரத்தில் இருந்தாலும் ஓரளவு ஒப்பேற்றலாம். மட்டமான தாளில் எந்த வித்தையும் பலிக்காது. மரக்கூழில் செய்த மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் அலை அலையாக எழும்பும், சீக்கிரம் காயும். நூறு சதவீதப் பருத்தித் தாள், 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் இத்தனை கிராம் என்ற கணக்கு) கனத்தில், ஈரத்தை உள்ளே வாங்கிப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் வெயிலுக்கு அந்தச் சில நிமிடங்கள் பெரிய சொத்து. மேற்பரப்பில் மூன்று வகை உண்டு: வழவழப்பானது, நடுத்தரச் சொரசொரப்பு, நல்ல சொரசொரப்பு. தொடங்குகிறவர்களுக்கு நடுத்தரமே போதும். கடையில் ‘கோல்டு பிரஸ்’ என்று கேளுங்கள். விலை உறுத்தினால், 22க்கு 30 அங்குல முழுத் தாளாக வாங்கி எட்டாகக் கிழித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஏழரைக்குப் பதினொன்று வரும். பழகுவதற்கு அந்த அளவுதான் சரி, ஏனென்றால் சின்னத் தாளின் முழுப் பரப்பையும் காயும் முன்னே கடந்துவிடலாம்.

பிரஷ் மூன்று போதும். ஒரு அங்குல அகலத்தில் பட்டையான ஒன்று, 10ஆம் எண் உருண்டை ஒன்று, மெல்லிய வேலைக்கு 4ஆம் எண் ஒன்று. பெரிய பிரஷ்ஷைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிறையத் தண்ணீரைச் சுமக்கும் பிரஷ்தான் நம் ஊருக்குத் தோழன். பழைய ஆட்கள் சிலர் இன்னமும் கீரிமுடி பிரஷ்ஷைப் புகழ்வார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பதும் வாங்குவதும் குற்றம். செயற்கை இழை பிரஷ்கள் இப்போது நன்றாகவே வருகின்றன.

முப்பத்தாறு வண்ணப் பெட்டி யாராவது பரிசளித்தால் மகிழ்ச்சியோடு வாங்கி, வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு ஆறு டியூப் போதும்: லெமன் மஞ்சள், எல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, கிரிம்சன், அல்ட்ராமரைன் நீலம், தாலோ நீலம். கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியன்னாவையும் கெட்டியாகக் கலந்தால் கருங்கல் மண்டபத்தின் உள்ளிருட்டு வரும். தண்ணீரைக் கூட்டினால் மழைமேகம். நீலத்தைக் கொஞ்சம் தூக்கினால் குளிர்ந்த சாம்பல், பர்ன்ட் சியன்னாவைத் தூக்கினால் வெதுவெதுப்பான சாம்பல். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இந்த இரண்டு வண்ணங்களோடு மட்டும் கழித்தாலும் வீண் இல்லை.

பச்சை டியூப் வாங்காதீர்கள் என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். நாற்றங்கால் பச்சை வேறு, நடவு முடிந்து வேர்பிடித்த வயலின் பச்சை வேறு, கதிர் பால் பிடிக்கும்போது பழுக்கத் தொடங்கும் பச்சை வேறு. கார் சாகுபடி, பிசானச் சாகுபடி என்று ஆற்றுப்பாசன ஊர்களில் ஆண்டு முழுக்க இந்தப் பச்சைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. டியூப்பிலிருந்து வருவது எப்போதும் ஒரே பச்சை. லெமன் மஞ்சளில் தாலோ நீலம் பொட்டளவு தொட்டால் நாற்று. எல்லோ ஆக்கரில் அல்ட்ராமரைன் கலந்தால் முற்றிய பயிர். அதிலேயே பர்ன்ட் சியன்னா சேர்த்தால் அறுப்புக்கு நிற்கும் வயலின் நிழல்.

மற்றவை வீட்டிலேயே கிடைக்கும். வெள்ளைப் பீங்கான் தட்டு, வண்ணம் கலக்கும் பேலட் ஆகும். தாளை ஒட்ட மாஸ்கிங் டேப், பலகைக்குப் பதில் ஒரு சன்பேக் (பிளாஸ்டிக்) அட்டை, ஒற்றி எடுக்கப் பழைய வேட்டித் துணி, இரண்டு டப்பா தண்ணீர்: ஒன்று கழுவ, ஒன்று கலக்க. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரைத் தவிர்த்து, குடிக்கிற தண்ணீரையே பயன்படுத்துங்கள். உப்பு காய்ந்த இடத்தில் வெளிர் திட்டுகள் விழக்கூடும்.

பளபளப்பைப் படிப்பது

வண்ணம் கலப்பதற்கும் முன்னால் பழக வேண்டிய பாடம் இது. ஒரு தாளை நனைத்து, கண்ணுக்கு நேராகச் சாய்த்து, வெளிச்சத்தில் பாருங்கள். முதலில் தண்ணீர் தேங்கிக் கண்ணாடியாக மின்னும். அப்போது வண்ணம் வைத்தால் அது தன் இஷ்டத்துக்கு ஓடும். அடுத்து, தேக்கம் வடிந்து சீரான பளபளப்பு மிஞ்சும். வானத்துக்கும் மேகத்துக்கும் அதுவே வேளை. பிறகு பளபளப்பு மங்கி, பட்டுத்துணியின் மெல்லிய மினுமினுப்பு மட்டும் இருக்கும். அந்தச் சில நொடிகளில் வைக்கும் வண்ணம் அதிகம் பரவாமல், விளிம்பு மட்டும் கரைந்து நிற்கும். தூரத்து மலைக்கும் பனிமூட்டத்துக்கும் அந்த நேரத்தை விட்டால் வேறு நேரம் இல்லை.

அதற்கடுத்த நிலைதான் ஆபத்தானது. மினுமினுப்பு முழுக்கப் போய்விட்டது, ஆனால் தாள் இன்னும் ஈரம். பார்வைக்குக் காய்ந்ததுபோல் இருப்பதால் கை சும்மா இருக்காது. ‘இந்த இடத்தில் மட்டும் ஒரு சொட்டு’ என்று போகும். போனால், புதிய தண்ணீர் பழைய வண்ணத்தைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரமெல்லாம் பிசிறாக ஒரு பூப் பூத்துவிடும். அதை அழிக்கவும் முடியாது. எனவே புறங்கையைத் தாளில் மெல்ல வைத்துப்பாருங்கள். சில்லென்று இருந்தால் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வாருங்கள். சூடும் குளிரும் தெரியாமல் இருந்தால் காய்ந்துவிட்டது, தொடரலாம்.

இந்த நிலைகள் ஒவ்வொன்றும் உங்கள் வீட்டில், உங்கள் மின்விசிறி ஓடும்போதும் ஓடாதபோதும் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். வேறு யாருடைய கணக்கும் உங்களுக்கு உதவாது. ஈரம் போதவில்லை என்றால் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, தாளின் இருபுறமும் நனைத்து, வீடு கட்டி மிஞ்சிய ஒரு வழவழப்பான டைல்ஸின் மேல் ஒட்டவைத்துவிடுவது. அடியிலிருந்து ஈரம் போக வழியில்லாததால் நெடுநேரம் தாங்கும். இரண்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் கிளிசரினைக் கலக்கும் தண்ணீரில் சில சொட்டு விடுவது. அதிகமானால் படம் காயவே காயாது. மூன்று, மின்விசிறியை நிறுத்துவது. மூன்றாவது செலவில்லாதது, வீட்டில் மற்றவர்களின் சம்மதம் மட்டும் வேண்டும்.

முதல் படம்: வயல், மலை, இரண்டு பனை

நெல்லை–செங்கோட்டை பயணிகள் ரயிலில் தெற்குப் பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் சேரன்மகாதேவியைத் தாண்டியதும் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வரும். இதையே முதல் பாடமாக வைத்துக்கொள்ளலாம்.

1. தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பால் அட்டையில் ஒட்டுங்கள். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே மலையின் உச்சிக்கோடு, அதற்குக் கீழே வயல் தொடங்கும் கோடு, குறுக்கே ஒரு வரப்பு, இரண்டு பனைக்கு இரண்டு கோடு, வயலில் இரண்டு மூன்று கொக்குகள். பென்சிலை அழுத்த வேண்டாம்.

2. தாளை நனைப்பதற்கு முன்பே வண்ணங்களைக் கலந்து வையுங்கள். வானத்துக்கு நீர்த்த அல்ட்ராமரைன். மலைக்கு அல்ட்ராமரைனில் கிரிம்சன் சிறிது, பர்ன்ட் சியன்னா அதனினும் சிறிது. வயலுக்கு மேலே சொன்ன நாற்றுப் பச்சை. தேவை என்று தோன்றுவதைப் போல இரண்டு மடங்கு கலக்குங்கள். நனைத்த பிறகு கலக்க உட்கார்ந்தால் தாள் உங்களுக்காக நிற்காது.

3. வானத்தையும் மலையையும் சேர்த்து பட்டை பிரஷ்ஷால் நனையுங்கள். முதல் தண்ணீரைத் தாள் குடித்துவிடும். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை நனையுங்கள்.

4. அட்டையின் தலைப்பக்கத்தை ஒரு தீப்பெட்டி உயரம் தூக்கிவைத்து, மேலிருந்து கீழாக வானத்தை இறக்குங்கள். மலையை நெருங்க நெருங்க வெறும் தண்ணீராக வெளிறட்டும். மேகம் வேண்டிய இடத்தில் தாளை வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். ஒருமுறை போட்ட இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள்.

5. பட்டு மினுமினுப்பு வரும்வரை காத்திருந்து தூரத்து மலைத்தொடரைப் போடுங்கள். சாரல் மேகம் மலைமேல் இறங்கியிருக்க வேண்டுமானால், கழுவிப் பிழிந்த பிரஷ்ஷால் அந்த இடத்து வண்ணத்தை ஒற்றி எடுத்தால் போதும். பக்கத்து மலையைத் தாள் முழுக்கக் காய்ந்தபின், கொஞ்சம் பச்சை கூட்டி, அழுத்தமாகப் போடுங்கள். தொலைவு கூடக் கூட நீலமும் வெளிறலும் கூடும்.

6. வயலை காய்ந்த தாளிலேயே போடலாம். கொக்குகளைச் சுற்றி வண்ணம் போக வேண்டும். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தொடப்படாத தாள்தான். ஆற்றங்கரையில் காயும் வேட்டிகளுக்கும் இதே முறைதான்.

7. கடைசியில் பனை. இங்கேதான் நம் ஊர்க்காரர்களே சறுக்குகிறார்கள். பனையை வரையச் சொன்னால் தென்னையை வரைந்து வைப்பார்கள். தென்னை ஓலை இறகாக நீண்டு தொங்கும். பனை ஓலை விசிறியாக, விறைப்பாக, நாலாபுறமும் குத்திட்டு நிற்கும். தலை கிட்டத்தட்ட உருண்டை. அதற்குக் கீழே காவோலைகள் பழுப்பாகத் தொங்கும்; ஏறிச் சீவாத பனையில் அது பாவாடைபோல் அடர்ந்திருக்கும். ஓலை ஓலையாக எண்ணி வரையாமல், ஈரம் குறைந்த பிரஷ்ஷைப் படுக்கவைத்து இழுத்துத் தலையின் மொத்த உருவத்தைப் பிடித்து, விளிம்பில் மட்டும் சில ஓலை முனைகளைக் காட்டுங்கள். வண்ணத்தைத் துணிந்து அழுத்தமாக எடுங்கள். நீர்வண்ணம் காய்ந்ததும் ஒரு படி வெளிறிவிடும்.

8. கொக்கின் வயிற்றுக்கடியில் நீர்த்த நீலம் ஒரு தொடல். பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிடுங்கள்.

இதே படத்தை அடுத்தடுத்த வாரங்களில் திரும்பப் போடுங்கள். புதிய காட்சியைத் தேடி ஓடுவதைவிட, ஒரே காட்சியை வெவ்வேறு ஈரத்தில் போட்டுப்பார்ப்பது வேகமாகக் கற்றுத்தரும்.

வெளியே போகும்போது

நேரம் முக்கியம். நெல்லை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பது பாகைக்கும் குறைவான தொலைவில்தான் இருக்கிறது. ஆண்டில் இரண்டு முறை, சித்திரை பிறக்கும் வாக்கிலும் ஆகஸ்ட் கடைசியிலும், நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மற்ற மாதங்களிலும் நடுப்பகல் நிழல் குட்டையானதுதான். நிழல் இல்லாவிட்டால் உருவத்துக்குத் திரட்சி இல்லை. கோபுரம்கூட அட்டையில் வெட்டியதாகத் தெரியும். எனவே காலை ஒன்பதுக்கு முன், மாலை நாலுக்குப் பின் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட நேரத்தை வீட்டிலோ, திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் பெருமாள் கோயில் சிற்பங்களின் முன்னாலோ செலவிடலாம். அங்கே அனுமதி கேட்டு, பென்சிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கல்மண்டபத்தில் வண்ணத் தண்ணீர் சிந்துவது நமக்கு அழகல்ல.

குறுக்குத்துறை முருகன் கோயில் தொடங்குகிறவர்களுக்கு ஏற்ற இடம். ஆற்றுக்குள்ளேயே கல், நீர், பிரதிபலிப்பு மூன்றும் ஒரே சட்டகத்தில் கிடைக்கின்றன. வெள்ளம் வந்தால் கோயில் மூழ்கும், வடிந்தால் வெளிவரும். கல்லின் நிறம் அதற்கேற்ப மாறியிருப்பதைக் கவனியுங்கள். பிரதிபலிப்பை வரைய ஒரு விதி: வெளிச்சமானது நீரில் சற்று மங்கும், இருண்டது சற்று வெளிறும். வளைவுகள் பழக வேண்டுமானால் கொக்கிரகுளம் கரையில் நின்று, 1843இல் சுலோசன முதலியார் தம் பணத்தில் கட்டித்தந்த பாலத்தைப் பாருங்கள். படித்துறையில் குளிக்கிறவர்களை வரையவோ படமெடுக்கவோ வேண்டாம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாபநாசம் அருவியை 1792இலேயே தாமஸ் டேனியலும் அவர் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் வந்து வரைந்திருக்கிறார்கள். அவர்கள் நேரில் வரைந்து எடுத்துக்கொண்டதை, பல ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் அச்சோவியமாக முடித்தார்கள். நாமும் அப்படிச் செய்யலாம். அருவிப் பக்கம் திவலை பறந்துகொண்டே இருக்கும், வண்ணம் காயாது. பென்சிலால் வரைந்து, நிறங்களின் பெயரை ஓரத்தில் எழுதிக்கொண்டு வீட்டில் முடியுங்கள். அங்கிருந்து மேலே போவது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். வனத்துறைச் சோதனைச்சாவடியில் அன்றைய விதிகளைக் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

திசையன்விளை பக்கத்துத் தேரிகள் வேறு உலகம். செம்மணல் மேடு, அதன்மேல் பனை, பின்னால் வெளுத்த வானம். பர்ன்ட் சியன்னாவும் கிரிம்சனும் அங்கே தாராளமாகச் செலவாகும். ஆடி மாதம் போகாதீர்கள். மணல் பறந்து ஈரத் தாளில் ஒட்டிக்கொள்ளும். அந்த மாதத்தில் எங்கே போனாலும் அட்டையின் நான்கு பக்கமும் கிளிப் போடுங்கள்.

நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்துக்கு ஜனவரிக்குப் பிறகு போகலாம். கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. பறவை ஒரே நிலையில் நிற்காது என்பதால், ஒரே தாளில் நாலைந்து நிலைகளை ஒரே சமயத்தில் தொடங்குங்கள்; அது பழைய நிலைக்குத் திரும்பும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கூட்டுக்குக் கிட்டே போக வேண்டாம்.

எங்கே உட்கார்ந்தாலும் ஆள் சேரும். “அண்ணாச்சி, ரோடு போட அளக்க வந்திருக்கிறீர்களா?” என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது. சிரித்துக்கொண்டே படத்தைக் காட்டிவிடுங்கள். ‘அந்த மரம் இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்’ என்று ஒரு பெரியவர் திருத்தம் சொல்வார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாக இருக்கும். அந்த மரத்தை அவர் அறுபது வருடமாகப் பார்க்கிறார்.

வாரநாட்களில்

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதாது, கை துருப்பிடித்துவிடும். அஞ்சலட்டை அளவுத் தாள்களை ஒரு டப்பாவில் வெட்டி வையுங்கள். காலையில் கிடைக்கும் கால்மணி நேரத்தில் ஒரு கத்திரிக்காய், ஒரு சொம்பு, காருகுறிச்சி மண்பானை, பத்தமடைப் பாயின் ஒரு மூலை என்று ஏதாவது ஒன்று. வெள்ளிச் சொம்பைவிட மண்பானை எளிது. பானையில் வெளிச்சம் படிப்படியாக இறங்குவதால் ஈர விளிம்பு பழக ஏற்றது.

பழகும்போது பிரஷ்ஷை வாயில் வைத்துக் கூர்செய்யும் வழக்கம் வேண்டாம். காட்மியம், கோபால்ட் கலந்த வண்ணங்கள் நஞ்சு. அதே காரணத்தால் வண்ணத் தண்ணீரை ஆற்றிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் டப்பாவில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். தாமிரபரணி பலருக்குக் குடிநீர்.

மழைக்காலமும் படங்களும்

கார்த்திகை ஈரத்தில் தாள் கெட்டுப்போகும். தாளின் மேல் பூசப்பட்டிருக்கும் பசை பழுதாகிவிட்டால், வண்ணம் சில இடங்களில் மட்டும் ஊறி, புள்ளி புள்ளியாக இருளும். வாங்கும்போது நன்றாக இருந்த தாள் ஏன் இப்படி என்று குழம்புவீர்கள். பிளாஸ்டிக் உறையில், மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு இறுக்கி வையுங்கள். வண்ணப்பெட்டியை ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். சில வெளிநாட்டு வண்ணங்களில் தேன் சேர்ப்பார்கள். அவை மழைக்காலத்தில் பிசுபிசுத்துக் கிடக்கும், எறும்பு வேறு வரும்.

சட்டமிட விரும்பும் படத்துக்குக் கண்ணாடி கட்டாயம். ஆனால் கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. இடையில் கனமான அட்டைச் சட்டம் ஒன்று வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மழைக்காலத்தில் ஈரம் கோத்துத் தாள் ஒட்டிக்கொள்ளும். கிரிம்சன் வாங்கும்போது ‘அலிசரின்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது வெயிலில் வெளுக்கும் வகை. ‘பெர்மனென்ட்’ என்று சேர்த்துப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எதுவானாலும், மேற்கு வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள்.